அடைமழையில் ஓர் அடைக்கோழி

நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, குடையை விரித்து வைத்துவிட்டு இன்னும் வராந்தாவிலேயே நிற்கும் தம்பிமார்களே,

இன்று பொதுக்காலம் 30ஆம் வாரத்து வியாழக்கிழமை. சற்றுமுன் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலிருந்து, 31 முதல் 35 வரை வாசிக்கக் கேட்டோம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். வாரநாள் நற்செய்தியோ ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே கிழமையில் வரும். அதனால் அக்டோபர் முடிகிற நேரத்தில், நமக்கு ஐப்பசி பாதியாகும் வேளையில், ஒரு கோழி நம் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. 2024இல் தீபாவளியும் இந்த வாசகமும் ஒரே நாளில் வந்தன. அன்று வெளியே வெடிச்சத்தம், உள்ளே கோழியின் குரல். நான் குருவான நாளிலிருந்து ஐப்பசியில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடைதான் கண்முன் வருகிறது. இன்று அங்கேயே உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.

மேலைநாட்டுப் படங்களில் இலையுதிர்காலம் என்றால் மரமெல்லாம் சிவந்து கொட்டிக் கிடக்கும். நம் மதுரைச் சீமைக்கு அந்தக் காலம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோர்க்குக் கூதிர்ப் பருவம். மதுரை நக்கீரர் பாடிய நெடுநல்வாடை தொடங்குவதே இந்தக் குளிரிலும் தூறலிலும்தான். வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்த மண், இந்த இரண்டு மாதத்தில்தான் வயிறாரக் குடிக்கிறது. நாகமலைச் சரிவு பச்சை கட்டுகிறது. சுரைக்கொடி ஓட்டின்மேல் ஏறுகிறது. ஆடியில் ஊன்றிய அவரை பந்தலில் படர்ந்து பூவெடுக்கப் பார்க்கிறது. வேலியோரத்தில் செங்காந்தள் தானாக மலர்ந்து நிற்கிறது. முதல் மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். கோழிகளுக்கு அன்று திருவிழா. எங்கள் அம்மா முற்றத்து விளக்கை அணைக்கவே விடமாட்டார். “கெடக்கட்டும்டா, அதுகளும் இன்னைக்குத் திங்கட்டும்” என்பார். கூட்டுக்குப் போக மறந்து, இருட்டிய பிறகும் கோழிகள் விளக்கடியில் ஈசலைக் கொத்திக்கொண்டிருக்கும்.

இந்த மழைக்காலத்தில்தான் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு கோழி அடை படுக்கும்.

நற்செய்திக்கு வருவோம். பரிசேயர் சிலர் இயேசுவிடம் வந்து, ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான், இங்கிருந்து போய்விடும் என்கிறார்கள். ஆண்டவர் ஏரோதுக்கு நரி என்று பெயர் வைக்கிறார். நரி வருகிறது என்று கேள்விப்பட்ட ஒருவர் தன்னை எதற்கு ஒப்பிடுவார்? பழைய ஏற்பாட்டில் கடவுளுக்கு எத்தனையோ உவமைகள் இருந்தன. இணைச்சட்டத்தில் மோசேயின் பாட்டு கடவுளைக் கழுகு என்கிறது. ஓசேயா சிங்கம், சிறுத்தை, குட்டியை இழந்த கரடி என்றெல்லாம் சொல்கிறார். நரியை விரட்ட அவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆனால் ஆண்டவர் எருசலேமை நினைத்து வருந்தும்போது எடுத்துக்கொண்டது ஒரு பெட்டைக்கோழியை. குஞ்சுகளைச் சிறகுக்கடியில் சேர்த்துக்கொள்ளும் தாய்க்கோழிபோல எத்தனையோ முறை உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விரும்பினேன், நீங்கள்தான் வர மறுத்தீர்கள் என்கிறார். மத்தேயுவும் 23ஆம் அதிகாரத்தில் இதையே எழுதிவைத்திருக்கிறார். நரிக்கு முன்னால் கோழி! அதற்குக் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. நரி குஞ்சைத் தொடவேண்டுமானால் முதலில் அதன் உடம்பைக் கடந்துதான் போகவேண்டும். அதனிடம் இருப்பது அந்த ஓர் உடம்புதான்.

எருசலேமுக்கு எதிரே ஒலிவமலைச் சரிவில் ஆண்டவர் அழுத இடம் என்று ஒரு சிறிய கோயில் உண்டு. கட்டடக் கலைஞர் பர்லூசி அதைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் அமைத்தார். 1955இல் கட்டி முடித்தார்கள். அதன் பலிபீடத்தின் முகப்பில், வண்ணக் கற்கள் பதித்த ஓவியத்தில், சிறகை விரித்த ஒரு கோழியும் அதன் மடியில் குஞ்சுகளும் இருக்கின்றன. பீடத்துக்குப் பின்னால் உள்ள சன்னல் வழியே பார்த்தால் எருசலேம் நகரம் தெரியும். நற்கருணை வைக்கும் பீடத்தில் கோழியின் படமா என்று யாராவது முகம் சுளித்திருக்கலாம். எங்கள் அம்மா பார்த்திருந்தால் சுளித்திருக்கமாட்டார்.

கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் இப்போதைய பிள்ளைகளில் பலர் அடைக்கோழியைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். இட்டு முடிந்ததும் அதன் போக்கே மாறும். கூட்டைவிட்டு எழாது. கிட்டப்போனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ‘குர்ர்’ என்று உறுமும். அதைப் பார்த்ததும் அம்மா, “அடைக்கு ஆயிருச்சு” என்பார். பழைய கூடை ஒன்றில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து அடுக்குவார். ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். ஐப்பசி இடியில் முட்டையெல்லாம் கூமுட்டை ஆகிவிடக் கூடாது என்று அந்தக் காவல். இரும்புக்கும் இடிக்கும் என்ன தொடர்பு என்று படித்த திமிரில் நான் ஒருமுறை கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. கூடையை மழைச்சாரல் படாத மூலைக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அந்தக் கரியும் மிளகாயும் எதையாவது காத்ததா என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. அதை வைத்த கை ஒரு நாளைக்கு நாலு தரம் அந்தக் கூடையைப் பார்த்துவிட்டு வந்தது. அது போதும்.

பிறகு 21 நாள். மனிதருக்கு 21 நாள் ஒன்றுமில்லை. அந்தக் கோழிக்கோ அது பெரிய தவக்காலம். ஒரு நாளைக்கு ஒருமுறை, கால்மணி நேரம்தான் இறங்கும். அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்து, நாலு கம்பு பொறுக்கி, ஒருமுறை சிறகை உதறிவிட்டுத் திரும்ப ஏறிவிடும். மெலிந்துபோகும். கொண்டை வெளுக்கும். நெஞ்சுப்பக்கத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். இறகு சூட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. அதனால் இறகை விலக்கித் தன் தோலையே முட்டைமேல் வைக்கிறது. அந்த இடத்தில் இரத்த ஓட்டமும் கூடும். நாள் முழுக்க அலகால் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே முட்டை எப்போதும் குளிரில் கிடக்க அது விடுவதில்லை. பதினெட்டு பத்தொன்பதாம் நாளிலிருந்து ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் வரும். தாய் அதற்குத் தணிந்த குரலில் பதில் சொல்லும். குஞ்சு வெளியே வருவதற்கு முன்பே தாயின் குரலை அறிந்திருக்கிறது. தீபாவளி வெடியிலும் எங்கள் கோழி எழுந்ததில்லை. உடம்பு ஒடுங்கி, கண் மூடி, இன்னும் கொஞ்சம் அமுங்கி உட்காரும். அவ்வளவுதான்.

தொடக்கநூலின் இரண்டாவது வசனம் நினைவிருக்கும். படைப்புக்கு முன்னே நீர்த்திரளின் மேல் கடவுளின் ஆவி அசைந்தாடியது என்று படிக்கிறோம். அங்கே வரும் எபிரேயச் சொல், இணைச்சட்டத்தில் தன் குஞ்சுகள்மேல் சிறகடிக்கும் கழுகுக்கும் வரும் சொல். நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயர் புனித பசிலியார், சிரியா நாட்டு அறிஞர் ஒருவரிடம் கேட்டதாக ஒரு விளக்கம் சொல்கிறார்: பறவை முட்டைமேல் அமர்ந்து சூடு தருவதுபோல ஆவியார் தண்ணீர்மேல் இருந்தார். அப்படியானால் இந்த உலகம் அடைகாத்துப் பொரிந்த உலகம். இதை வாசித்த அன்று, குருமடத்து நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அம்மாவின் கூடைதான் ஞாபகம் வந்தது.

இப்போது சந்தைக்காரர் கணக்கைப் பாருங்கள். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் இருக்கும் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடுகிறது. அது அடை படுக்காது. அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து கழித்துவிட்டார்கள். நம் சிறுவிடை அதில் ஒரு சிறு பங்கோடு நின்றுவிடுகிறது. காரணம் எளிது. முட்டையிட இரண்டு மூன்று வாரம், அடைக்கு மூன்று வாரம், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய இரண்டு மாதம். முட்டைக் கணக்கில் இது நட்டம். பண்ணைக்காரரை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் விழும் முட்டை அங்கிருந்துதான் வருகிறது. அதை நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். ஆனால் ஆண்டவர் தமக்கு உவமையாக எடுத்தது, கணக்குப் புத்தகத்தில் நட்டம் என்று எழுதப்படும் அந்த நாட்களை. இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்.

ஊரில் அடை தெளிய வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அடை வைக்க முட்டை இல்லாவிட்டாலோ, கோழி சீக்கிரம் மறுபடி முட்டையிடவேண்டும் என்றாலோ, அதைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மூக்கில் ஓர் இறகைச் செருகிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, அதன் சூடு தணிந்து, அடை மறந்துபோகும். கோழிக்குச் செய்வதைப் பற்றி நான் நீதி சொல்ல வரவில்லை. மனிதருக்கு அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன், அதைத்தான் சொல்கிறேன்.

என் அம்மா கடைசி ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். என் அண்ணி அதற்கு முன்பு ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், மாதம் பிறந்தால் கையில் பணம் பார்த்தவர். அம்மா விழுந்ததும் வேலையை விட்டார். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், முதுகில் புண் வந்துவிடக் கூடாதே என்று. கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பார். தானும் மெலிந்துபோனார். விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், என் காதுபடவே, “சும்மாதான வீட்டுல இருக்கா, பாத்துக்கிடட்டும்” என்றார். அண்ணி முகம் ஒரு கணம் மாறியது, பார்த்தேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. குருவானவனாக இருந்தும், மகனாக இருந்தும் நான் பேசாமல் இருந்ததை இன்றும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் கொண்டுபோகிறேன்.

இந்தக் கோயிலில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! வளர்ச்சி குன்றிய மகனை இருபது வருடமாகக் குளிப்பாட்டி விடுகிற அம்மா. மகனும் மருமகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி. பக்கவாதம் வந்த மனைவிக்குத் தலைசீவிப் பூ வைத்துவிடும் ஐயா ஒருவரும் இங்கே இருக்கிறார். உங்களைப் பார்த்து யாராவது சும்மா இருப்பதாகச் சொன்னால், எருசலேமைப் பார்த்து ஆண்டவர் தம்மை எதுவாகச் சொன்னார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டத்தில் அடுத்த முறை கூடும்போது, இப்படி அடை படுத்திருக்கும் வீடு நம் தெருவில் எது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு வராததைப் பெயர் எடுத்துப் பேசவேண்டாம். அந்தக் கால்மணி நேரம் அவர்கள் இறங்கித் தண்ணீர் குடித்து வர, நீங்கள் போய்க் கட்டிலருகில் உட்காருங்கள்.

வாசகத்தின் கடைசிப் பகுதி கடினமானது. அவர்கள் வர விரும்பவில்லை என்கிறார் ஆண்டவர். இதை யோசிக்கும்போது நம் நாட்டு வைணவப் பெரியோர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவந்த ஓர் உவமை எனக்கு உதவுகிறது. இறையருள் பூனையைப் போன்றதா, குரங்கைப் போன்றதா என்று கேட்டார்கள். பூனை தன் குட்டியை வாயில் கவ்வித் தானே தூக்கிப் போகும், குட்டி ஒன்றும் செய்யவேண்டாம். குரங்கின் குட்டியோ தானே தாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும். தென்கலையார் பூனையைச் சொன்னார்கள், வடகலையார் குரங்கைச் சொன்னார்கள். ஆழ்ந்த சிந்தனை அது, மரியாதையோடு சொல்கிறேன். நம் ஆண்டவர் வைத்த உவமையில் பூனையும் இல்லை, குரங்கும் இல்லை. கோழிக்குக் குஞ்சைத் தூக்க வாயும் இல்லை, கையும் இல்லை. குஞ்சும் அதன் உடம்பைப் பற்றிக்கொள்ள முடியாது. கோழியால் முடிவது இரண்டே காரியம். கூப்பிடலாம், சிறகை விரிக்கலாம். மற்றதைக் குஞ்சுதான் ஓடி வந்து செய்யவேண்டும்.

வானத்தில் பருந்து வட்டமிட்டால் கோழி ஒரு குரல் கொடுக்கும். தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறொரு குரல். இரை கிடைத்தால் இன்னொன்று. குஞ்சுகளுக்கு எல்லாம் விளங்கும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று இருக்கும். எல்லாம் ஓடி வந்து புகுந்த பிறகும் அது மட்டும் தள்ளி நின்று, தேங்கிய தண்ணீரில் எதையோ கொத்திக்கொண்டிருக்கும். தாய் எழுந்து போய் அதைப் பிடித்துவர முடியாது. எழுந்தால் மற்றவை நனையும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திக் கத்திக் கூப்பிடும். அதன் குரல் கம்மிப்போகும். பரலோகத்தையும் பூவுலகையும் படைத்தவர் அந்த நிலைக்குத் தம்மை இறக்கிக்கொண்டார். நம் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதை இந்த வாசகத்தில்தான் நான் கேட்கிறேன். குடிக்கு ஓடிப்போன மகனை வாசலில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இந்த வலியை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இங்கே நான் சில வீட்டுக் காரியங்களும் சொல்லியாகவேண்டும். மறையுரையில் கோழிக்கு மருந்தா என்று நினைக்கவேண்டாம். நேர்மையானவர் தம் வீட்டு உயிர்களின் பசியை அறிவார் என்று நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் சொல்லியிருக்கிறது. இந்த மழையில் கோழிக்கூட்டின் தரை ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். பஞ்சாரத்தைத் தரையிலேயே கவிழ்க்காமல், நாலு செங்கல் வைத்துப் பலகை போட்டு அதன்மேல் கவிழ்த்துங்கள். வாடை அடிக்கும் வடக்குப் பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். பூசணம் பிடித்த சோளத்தையும் புண்ணாக்கையும், கோழிதானே என்று போட்டுவிடாதீர்கள். மனிதரின் ஈரலைக் கெடுக்கும் அதே பூஞ்சை நச்சு அதன் ஈரலையும் கெடுக்கும். ஐப்பசியிலிருந்து முட்டை குறைந்தால் கண் பட்டுவிட்டது என்று பயந்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். ஆனியில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருந்த நம் ஊர்ப் பகல், மார்கழியில் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது. வெளிச்சம் குறையக் குறையக் கோழியின் உடம்பு முட்டையை நிறுத்தி, பழைய இறகைக் கொட்டிப் புதிய இறகு கட்டுகிறது. அந்த நேரத்தில் அதற்குப் புரதம் வேண்டும். பழைய பானையில் ஈரச்சாக்கும் சாணமும் திணித்துப் புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் சேர்ந்திருக்கும், உங்கள் பாட்டிமார்கள் செய்ததுதான். தோட்டத்துப் பாத்தியைக் கோழி சீய்த்துவிடுகிறது என்று சண்டை வேண்டாம். நாற்று நிற்கும்வரை முள்ளடைத்து, பிறகு திறந்துவிடுங்கள், புழுவெல்லாம் பொறுக்கிவிடும். அதன் எருவைப் பச்சையாகச் செடிக்குப் போடாமல் மட்கவைத்துப் போடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் இருக்கிறதே, கொக்கு நோய் என்பீர்கள், அது ஒரு வீட்டில் புகுந்தால் தெருவையே துடைத்துவிடும். வந்த பிறகு மருந்து கிடையாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் ஊர் ஊராக வந்து இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, கேட்டால் சொல்லித் தருவார்கள். அந்தோணியாருக்குச் சேவல் நேர்ந்துகொண்டு தடுப்பூசிக்குப் போகாமல் இருப்பதை நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். மருத்துவரை மதிக்கச் சொல்லி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறது.

இன்னொன்று. அடை படுத்த கோழியையும் குஞ்சோடு திரியும் கோழியையும் எங்கள் அம்மா எந்த விருந்தாளி வந்தாலும் அறுக்கவிட்டதில்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட அதே சட்டம் இருக்கிறது. கூட்டில் குஞ்சோடோ முட்டையோடோ இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கக் கூடாது, அதைப் போகவிட வேண்டும், அப்போது உனக்கு நலமும் நீண்ட வாழ்நாளும் கிடைக்கும் என்கிறது. தாய் தந்தையை மதிப்பவர்க்குச் சொன்ன அதே வாக்குறுதி இந்தச் சிறிய பறவைக்காகவும் தரப்பட்டிருக்கிறது.

அம்மாவிடம் பணம் இருந்ததென்றால் அது கோழிப் பணம்தான். முட்டை விற்றதும், சேவல் விற்றதும் சிறுவாடாகக் கடுகு டப்பாவில் கிடக்கும். நான் குருமடத்தில் சேர்ந்தபோது வாங்கிய தகரப் பெட்டியும் இரண்டு வேட்டியும் அந்த டப்பாவிலிருந்து வந்தவை. அரசும் இதை அறிந்துதான் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்துப் பாதி மானியத்தில் கோழிக்குஞ்சுகள் தரும் திட்டம் வைத்தது. நம் பங்கில் தனித்திருக்கும் சகோதரிகள் யாராவது கேட்க விரும்பினால், மனு எழுதித் தர உபதேசியார் இருக்கிறார். தயங்காதீர்கள். மோவாபிலிருந்து வந்த கைம்பெண் ரூத்திடம் போவாசு, கடவுளின் சிறகுக்கடியில் அடைக்கலம் தேடி வந்தவள் நீ என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தவில்லை. கதிர் பொறுக்க வயலைத் திறந்துவிட்டார்.

அடைக்கலம் என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் எளிதில் உச்சரித்துவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை இதே மதுரையின் புறஞ்சேரியில் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியின் கையில் ஒப்படைத்தார். அந்தக் காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மாடு மேய்த்துப் பிழைத்த ஒரு வீடு, ஊர் பேர் தெரியாத பெண்ணை மகள்போல வாங்கிக்கொண்டது. மதுரை மறைப்பணித் தளத்தின் குருவான வீரமாமுனிவரும், ஏலாக்குறிச்சியில் நம் அன்னைக்குக் கோயில் எழுப்பியபோது, அடைக்கல மாதா என்ற பெயரையே மக்கள் வாயில் தந்தார். நம் தாத்தாக்களில் எத்தனை பேருக்கு அடைக்கலம் என்று பெயர்! இந்த மண்ணுக்கு அந்தச் சொல் அவ்வளவு பழக்கம்.

அக்கரையிலிருந்து வந்திருப்பவர்கள் திருப்பலி முடிந்ததும் உடனே கிளம்பவேண்டாம். ஓடையில் தண்ணீர் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். பங்கு இல்லத்துக் கூடத்தில் பாய் இருக்கிறது, சுக்குக் காப்பி போடச் சொல்லியிருக்கிறேன். மழை விட்ட பிறகு போகலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. சென்ற ஆண்டு அன்று அம்மாவின் கல்லறைக்கு நானும் அண்ணனும் அண்ணியும் போயிருந்தோம். அதற்கு முன் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்து மேட்டு மண் காய்ந்திருந்தது. அங்கே யார் வீட்டுக் கோழியோ ஒன்று, நாலைந்து குஞ்சுகளோடு, சரியாக அம்மாவின் தலைமாட்டில் குழி பறித்து மண் குளித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு அடித்து, பூ வைக்கவேண்டிய இடம். அண்ணன் கல்லைக் குனிந்து எடுத்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இருக்கட்டும் சாமி, அது எந்திரிச்சதும் சுண்ணாம்பு அடிப்போம்” என்றார். மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.